லோகுவின் எடை

மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் லோகுவைச் சாப்பிட வைத்துவிட வேண்டும். அந்த வருஷம் ஆனி மாதத்திலிருந்து கீதாவுக்குப் பொழுது விடிவதே இந்த நினைப்போடுதான். மாத்திரை உள்ளே போய்ச் சற்று நேரம் ஆகிவிட்டால், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெண்ணின் வாய்க்குள் ஒரு பருக்கை இறங்காது.

சோமனூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறிதான். கீதாவின் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அவள் புருசன் திருமூர்த்தி விசையைப் போட்டுவிட்டால் எட்டுத் தறியும் ஒன்றாகத் தடதடக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு வீட்டுக்குள் பேசுகிற பேச்செல்லாம் கத்தல்தான். கத்தினால் லோகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள். ஆகவே தறி ஓடுவதற்குள் கீதா அடுப்பு வேலையை முடித்தாக வேண்டும். தோசைக்கு நெய்யை ஊற்றி, அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றுவாள். சில நாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் விட்டுச் சர்க்கரை தூவுவாள். ஆடிக்காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி அடுப்படி வரைக்கும் வந்து படியும். பாத்திரத்தை மூடுவதும் திறப்பதுமாக அவள் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

லோகு என்கிற லோகப்பிரியாவுக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே ஒரு வேலையைத் தொட்டால் அதை முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. குழாயைத் திறந்து குடத்தை வைப்பாள். குடம் நிரம்பி வாசல் நனைந்து இட்டேரிப் பாதை வரைக்கும் தண்ணீர் ஓடியிருக்கும், அவள் நாலு வீடு தள்ளி யாரோ வெட்டுகிற தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடப் பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த நாட்கள் உண்டு. யாராவது ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், அதுவும் தப்பாக. ஆறாம் வகுப்பில் பாதி நாள் அவளை வகுப்புக்கு வெளியேதான் நிற்க வைத்தார்கள். பெண்கள் யாரும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். 'லூசு' என்பது பட்டப்பேராகவே ஆகிவிட்டது. ஓடுகிற தறியின் பெல்ட்டுப் பக்கம் கையை நீட்டினாள் என்று தறிக்கூடத்துக்குள் வரக்கூடாதென்று திருமூர்த்தி உத்தரவே போட்டுவிட்டான். கீதா அடித்திருக்கிறாள். விளக்குமாற்றால்கூட அடித்திருக்கிறாள்.

ஏழாம் வகுப்பு முடிகிற சமயத்தில்தான் புதிதாக வந்த ஒரு டீச்சர் கீதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். குழந்தையின் பேரில் தப்பு இல்லை, கவனம் நிற்காத ஒரு குறை இருக்கும் போல, கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், காட்டிவிட்டு வாருங்கள் என்றார். டாக்டர் கயல்விழி நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். லோகுவிடம் தனியாகப் பேசினார். திருமூர்த்தியிடமும் அவனுடைய சின்ன வயசைப் பற்றிக் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே தானும் இப்படித்தான் இருந்ததாகச் சொன்னான். சாவியை, செல்போனை, வண்டியை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது என்றான். டாக்டர் அந்தக் குறைக்கு ஒரு பெயர் சொன்னார். ஏ.டி.எச்.டி. பஸ்ஸில் திரும்பி வரும்போது கீதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனசுக்குள் தான் அடித்த அடியெல்லாம் ஒவ்வொன்றாக வந்துபோனது.

மாத்திரை பிடித்துக்கொண்டது. ஆனியில் தொடங்கியது, ஆடி பிறப்பதற்குள் லோகு வேறு பிள்ளையாக இருந்தாள். ஒரு சாயங்காலம் அவள் தானாகவே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, முடித்துவிட்டு எழுந்தபோது கீதாவுக்குப் பயமாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் மோகனப்பிரியா என்கிற பெண் லோகுவின் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கே வந்து பொழுது சாயும்வரை லோகுவோடு கணக்குப் போட்டுவிட்டுப் போனாள். லோகுவைத் தேடி அந்த வீட்டுப் படியேறிய முதல் சிநேகிதி அவள்தான். அன்றைக்கு கீதா கச்சாயம் சுட்டாள். மோகனப்பிரியா அரைத்தட்டைக் காலி செய்தாள். லோகு ஒன்றைப் பிட்டு, பாதியைத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாள்.

அந்தப் பாதிக் கச்சாயத்தை கீதா அப்போது பெரிதாக எண்ணவில்லை. பிறகுதான் மதியச் சாப்பாட்டு டப்பா வைத்தது வைத்தபடி திரும்பி வருவதைக் கவனித்தாள். அரிசிம்பருப்புச் சோறு என்றால் உயிரை விடுகிற பிள்ளை, அதையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டு வந்திருந்தது. ஏன் கண்ணு என்று கேட்டால், "வாயில பஞ்சை வெச்ச மாதிரி இருக்குதும்மா. மென்னா உள்ளுக்குப் போகமாட்டீங்குது" என்றாள். பாவாடைக்கு ஊக்கு குத்த வேண்டியதாயிற்று. முகத்தில் இருந்த சதை இறங்கி, கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

ஆடிக் கடைசியில் டாக்டரிடம் போனபோது நர்ஸ் எடை பார்த்தாள். மூன்று கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. இந்த மாத்திரை பசியை அமுக்கும் என்று தான் முதலிலேயே சொன்னதை டாக்டர் ஞாபகப்படுத்தினார். காலையில் மாத்திரைக்கு முன்னால் நன்றாகச் சாப்பிட வேண்டும், மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகு சாயங்காலம் மறுபடியும் ஒரு சாப்பாடு, நடுவில் கடலை, எள்ளுருண்டை, பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது உள்ளே தள்ளுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்கலாமா என்று லோகுவைக் கேட்டார். லோகு தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள்.

"சேரி. வளர்ற வயசு. அடுத்த தடவையும் எடை எறங்கியிருந்துச்சுன்னா மாத்திரையை நிறுத்த வேண்டி வரும். பாத்துக்குங்க" என்றார்.

அதை அவர் கீதாவைப் பார்த்துத்தான் சொன்னார். லோகு மேஜை விரிப்பின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் நின்றதை கீதா பார்த்தாள்.

ஆவணியில் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. ஒறம்பரை சனம் எல்லாம் கூடியிருந்த இடத்தில் திருமூர்த்தியின் அக்கா ராசாத்தாள் லோகுவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலுக்குள் அடங்கியது. ராசாத்தாளுக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாது. தம்பி பிள்ளை என்றால் அவளுக்கு உயிர். முட்டையும் பாலும் தேங்காயுமாக வாரத்துக்கு ஒரு தடவை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருகிறவள்.

"ஏனம்மணி கீதா, புள்ளையப் பட்டினி போடறயா?" என்று பந்தியிலேயே கேட்டுவிட்டாள்.

"இல்லீங்க நங்கையா. அந்த மாத்திரைக்குப் பசிக்கமாட்டீங்குதுங்க."

"அது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. தூக்கி எறிஞ்சுபோடு. துறுதுறுன்னு இருந்தா என்ன, புள்ளை முழுசா இருந்துச்சல்லொ."

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோகு இலையில் இருந்த இனிப்பு ஒப்பிட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க முழுசாக வாயில் திணித்து மென்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு எழுந்துபோய் மண்டபத்துக்குப் பின்னால் துப்பினாள். கீதா பின்னாலேயே போனவள், அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டாள்.

திருமூர்த்தியும் அக்காவின் பக்கம் சாய ஆரம்பித்தான். தானும் இதே மாதிரி இருந்து வளர்ந்தவன்தானே, என்ன கெட்டுப்போனோம் என்பது அவன் கட்சி. அடுத்த தடவை டாக்டரம்மா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம், அதுவரை பொறுங்கள் என்று கீதா கேட்டுக்கொண்டாள். அதற்கும் அவன் சம்மதித்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தறியை விட்டு வந்து மகளின் தட்டைப் பார்ப்பதும், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவதுமாக இருந்தான். அந்தப் பார்வைக்கு லோகு இன்னும் இரண்டு வாய் குறைவாகவே சாப்பிட்டாள்.

புரட்டாசி முதல் வாரம் கோயமுத்தூருக்குப் போனார்கள். திருமூர்த்திக்குத் தறியில் பாவு நூல் ஏற்றுகிற வேலை. அம்மாவும் மகளும்தான் போனது. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து லோகு மெதுவாக நடந்தாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றுக்கு அவசரமா என்று கீதா கேட்டதற்கு இல்லையென்றாள். எடை மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடை கூடியிருந்தது.

டாக்டருக்கு சந்தோஷம். கீதாவைப் பாராட்டினார். மாத்திரை அதே அளவில் தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தார். கீதா வெளியே வந்ததும் திருமூர்த்திக்குப் போன் பண்ணிச் சொன்னாள். நெய்யும் முட்டையும் வீண்போகவில்லை என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து லோகுவின் தலைமுடியை அவிழ்த்துப் பின்னும்போது கழுத்தெலும்பு கையில் இடித்தது. கூடின எடை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை அவள் அப்படியே தள்ளிவிட்டாள்.

மறுநாள் துவைத்த துணியை மடித்து அலமாரியில் வைக்கப் போனபோது, லோகுவின் துணிக்கு அடியில் கை எதிலோ இடித்தது. ஒரு துண்டைச் சுருட்டி இறுக்கி முடிந்து வைத்திருந்தது. கனத்தது. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இரண்டு வட்ட இரும்பு. பாவு தொய்யாமல் இருக்கத் தறியின் பின்பக்கம் தொங்கவிடுகிற எடைகள். துண்டின் இரண்டு முனையும் இடுப்பில் கட்டியதுபோல் முறுக்கிக் கிடந்தன.

கீதா கட்டிலில் உட்கார்ந்தாள். தறிக்கூடத்திலிருந்து வந்த அதிர்வில் அலமாரிக் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. லோகுவை இழுத்துவந்து கேட்க வேண்டும், இந்த நிமிஷமே டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே மற்றது எல்லாம் வந்தது. மாத்திரை நின்றுவிடும். மறுபடியும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். மோகனப்பிரியா வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். விளக்குமாறு மூலையிலிருந்து மறுபடியும் தன் கைக்கு வரும். ஒரு மாதம் டைம் கிடைத்திருக்கிறது, அதற்குள் நிஜமாகவே எடையை ஏற்றிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரும்பை மறுபடியும் துண்டில் வைத்துச் சுருட்டி, முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் திருமூர்த்தி எடைகளைத் தேடினான். மூன்றாவது தறியில் துணி தொய்வாக இறங்குகிறது, இரண்டு இரும்பைக் காணோம் என்று கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினான்.

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்ட சாமானோட நீங்களே போட்டுட்டிருப்பீங்க" என்றாள் கீதா.

அவன் கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். "இருக்கும்" என்றான். தன் மறதியின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கீதாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு என்பது சண்டையாகிப் போனது. பொய்யை மெய்யாக்கிவிட வேண்டுமென்ற வெறியில் கீதா நின்றாள். காலையில் நாலாவது தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, தின்றால்தான் மாத்திரை என்று கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடத்துக்குப் பாலைப் பாட்டிலில் ஊற்றி அனுப்புவாள். லோகு அதை எங்கேயோ கொட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் பசி வருகிற நேரத்தில் கீதா தறியில் நிற்பாள். தீபாவளி நெருங்குகிற நேரம், துணியை முடித்துக் கொடுத்தாக வேண்டும். லோகு தானே போட்டுக்கொண்டு சாப்பிடட்டும் என்று வைத்துவிட்டு வந்தது, இருட்டிய பிறகு வந்து பார்த்தால் ஆறிக் கிடக்கும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது நின்றுபோயிற்று. எதைப் பற்றிப் பேசினாலும் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் போய்விடுமோ என்று கீதாவுக்குப் பயம்.

ஐப்பசி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு வருகிற ஆள் வரவில்லை. திருமூர்த்தியும் கீதாவும் ஆளுக்கு நாலு தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வருகிற புழுக்கம். லோகு காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மோகனப்பிரியா வீட்டுக்குப் படிக்கப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சாப்பிட்டாளா இல்லையா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் கீதாவின் போன் வீட்டுக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. லோகு அதை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குள் வந்தாள்.

கீதா நூல் அறுந்த இடத்தைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இரண்டு தறிகளுக்கு நடுவில் இருந்த சந்தில் மகள் நிற்பது தெரிந்தது. போனை நீட்டினாள். உதடு வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலே முன்பக்கமாகச் சாய்ந்தாள். நெற்றி தறியின் இரும்புக் காலில் மோதியது. பின்னல் முன்னால் விழுந்து சுற்றுகிற தண்டுக்குப் பக்கத்தில் புரண்டது.

கீதா கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. திருமூர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். தறியைத் தாண்டிக் குதித்து ஒரு கையால் லோகுவின் பின்னலைப் பிடித்து இழுத்து, மறுகையால் தறியின் கைப்பிடியைத் தட்டினான். பிறகு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து நின்றன. அந்த நிசப்தத்தில் கூரைத் தகரத்தில் முதல் மழைத்துளி விழுகிற சத்தம் கேட்டது. லோகுவின் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து, கீழே கிடந்த வெள்ளைப் பஞ்சில் ஊறிக்கொண்டிருந்தது.

சோமனூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெறும் வயிறு, ரத்தத்தில் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிட்டது என்றார்கள். செய்தி கேட்டு ராசாத்தாள் மழையில் நனைந்துகொண்டே வந்துவிட்டாள். வந்தவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், யாரையும் திட்டவில்லை. அதுதான் கீதாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் திருமூர்த்தி மாத்திரை அட்டையை எடுத்தான். லோகு நெற்றிக் கட்டோடு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"குடுங்கப்பா."

"உசுரு போயிருக்கும் கண்ணு. தெரியுதா உனக்கு?"

"நிறுத்துனா நான் பள்ளிக்கொடம் போகமாட்டேன்."

ராசாத்தாள் சமாதானமாகச் சொன்னாள், "போகாட்டிப் போச்சாது சாமி. மொதல்ல சோறு தின்னு, மேலு தேறட்டும்."

"உங்களுக்குத் தெரியாதுங்கத்தை" என்றாள் லோகு. குரல் உயரவில்லை. "என்னைய எல்லாரும் லூசுன்னுதான் கூப்புட்டாங்க. இப்பத்தான் பேரு சொல்லிக் கூப்புடறாங்க. வெளிய நிக்க வெக்கறதில்லை. எனக்குப் பசிக்காட்டிப் பரவாயில்லீங்க."

 திருமூர்த்தி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். விடிந்ததும் கோயமுத்தூர் போவது என்று முடிவாயிற்று. ராசாத்தாளும் கூட வருவதாகச் சொன்னாள்.

கிளினிக்கில் நர்ஸ் எடை பார்த்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு லோகுவை இறங்கச் சொல்லி, மறுபடியும் ஏற்றினாள். அன்றைக்கு லோகுவின் இடுப்பில் ஒன்றும் இல்லை. டாக்டர் முன்னால் இருந்த குறிப்பையும் புதிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

ஒரு மாதத்தில் இவ்வளவு இறங்கியிருக்கிறது, இது மாத்திரையால் மட்டும் வருகிற காரியமாகத் தெரியவில்லை என்றார். வேறு ஏதாவது பெரிய நோய் இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது நல்லது என்றார். திருமூர்த்தி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ராசாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். லோகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது. அவள் சொல்லப்போவதில்லை என்று கீதாவுக்குத் தெரிந்தது. பதிமூன்று வயசுப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

"மேடம்" என்றாள் கீதா. "போன தடவை பாத்த எடை நெசமில்லீங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"புள்ளை இடுப்புல தறி இரும்பைக் கட்டிட்டு வந்து நின்னுருக்கறாளுங்க. மாத்திரையை நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்துட்டு. எனக்கு மறுநாளே தெரியுமுங்க. நாந்தானுங்க சொல்லாம மூடி வெச்சுட்டேன். வேற நோயெல்லாம் தேடாதீங்க. தப்பு என்ற மேல."

 திருமூர்த்தி மனைவியை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"நான் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு சொன்னியே" என்றான்.

அவ்வளவுதான் கேட்டான். கீதா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தாலும் அடித்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நிறுத்திவிடுவேன் என்று தான் சொன்னது குழந்தைக்கு மிரட்டலாகப் போய்விட்டது, அதைத் தான் கவனித்திருக்க வேண்டும் என்றார். அதற்காகச் சலுகையும் காட்டவில்லை. ஒரு மாதம் மாத்திரை கிடையாது. உடம்பு தேறியதும் குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கலாம், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, எடை இறங்கினால் அளவை மாற்றலாம், வேறு மருந்தும் இருக்கிறது, வழி ஒன்றே ஒன்று என்று இல்லை என்றார். பள்ளிக்கூடத்துக்கு விவரமாக எழுதித் தருவதாகவும் சொன்னார். பிறகு லோகுவைப் பார்த்து, "எனக்கு நெசமான எடை தெரிஞ்சாத்தான் உனக்கு மாத்திரை தர முடியும், கண்ணு" என்றார். லோகு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள்.

ராசாத்தாள் ஒன்று மட்டும் கேட்டாள். "ஏனுங்க அம்மணி, இது பைத்தியத்துக்குக் குடுக்கற மருந்துங்களா?"

இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ராசாத்தாளுக்கு எவ்வளவு விளங்கியதோ, முடிவில் தலையை ஆட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ராசாத்தாளும் திருமூர்த்தியும் முன்னால் உட்கார்ந்தார்கள். கீதாவும் லோகுவும் பின் சீட்டில். அவிநாசி ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்தன. லோகு அம்மாவின் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நீ பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும்மா."

கீதா திரும்பினாள்.

"நான் ஒத்தை முடிச்சுத்தான் போட்டிருந்தேன். மறுநாள் பாத்தா ரெட்டை முடிச்சு இருந்துச்சு. நீ கேப்பேன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. சேரி, அம்மாவும் மாத்திரை வேணும்னுதான் நெனைக்குதுன்னு விட்டுட்டேன்." பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், "நெனைச்சயா?"

இல்லை என்று சொல்ல கீதாவுக்கு வாய் வரைக்கும் வந்தது.

"நெனைச்சேன் கண்ணு" என்றாள். "உன்னை மறுபடியும் அடிச்சுப்போடுவனோன்னு பயமா இருந்துச்சு."

லோகு ஜன்னல் கம்பியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கருமத்தம்பட்டி தாண்டியதும் தூங்கிப்போய்த் தலையை அம்மாவின் தோளில் சாய்த்தாள். கீதா ஊர் வரும்வரை அசையாமல் இருந்தாள்.

அந்த ஒரு மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. பசி திரும்பியது, கூடவே மற்றதும் திரும்பியது. லோகு டிபன் டப்பாவைத் தொலைத்தாள், பஸ்ஸைத் தவறவிட்டாள், மாதப் பரீட்சைத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்த டீச்சர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார். வெளியே நிற்க வைக்கவில்லை. மோகனப்பிரியா சில நாள் வேறு இடத்தில் உட்கார்ந்தாள், சில நாள் லோகுவோடு உட்கார்ந்தாள். கீதாவின் கை ஒரு தடவை ஓங்கிவிட்டு இறங்கியது. ஓங்கியதை லோகுவும் பார்த்தாள்.

திருமூர்த்தி பத்து நாள் போல மனைவியிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் பொழுது இறங்கியதும் எட்டுத் தறியையும் நிறுத்த ஆரம்பித்தான். துணி எடுக்கிறவர் போனில் சத்தம் போட்டார். நாலு நாள் பிந்தித்தான் வரும் என்று சொல்லி வைத்துவிட்டான். தறி நின்ற அந்த நேரத்தில் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொள்ளுப் பருப்பும் சோறும், இல்லாவிட்டால் பச்சைப்பயறு கடைசலும் ராகிக் களியும். யாரும் யார் தட்டையும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று திருமூர்த்தியே சொல்லிவிட்டான். முதலில் அதை மீறியவனும் அவன்தான். லோகு முறைத்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

கார்த்திகையில் குறைந்த அளவில் மாத்திரை மறுபடியும் தொடங்கியது. மதியச் சாப்பாடு இன்னமும் பாதிதான் இறங்கியது. இடைவேளையில் கடலைமிட்டாய் தின்ன டீச்சர் அனுமதித்தார். கவனம் முன்போல அவ்வளவு கெட்டியாக நிற்கவில்லை; ஆனால் நின்றது. சாயங்காலம் அவளுக்குப் பசி கொதித்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுவாள். அது பசிக் கோபம் என்று தெரிந்துகொண்ட கீதா, பதில் பேசாமல் தட்டை வைக்கப் பழகினாள்.

மார்கழிக் குளிரில் மூன்று பேருமாகக் கோயமுத்தூர் போனார்கள். நர்ஸ் லோகுவை எடை மேடையில் ஏற்றினாள். கீதா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணைப் பார்க்கத் துணிவில்லை.

"நல்லாவே ஏறியிருக்குதே" என்று நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

"அக்கா, எழுதாதீங்க. இன்னொருக்கா நிக்கட்டுங்களா?" என்றாள் லோகு.

இறங்கினாள். ஷூவைக் கழற்றினாள். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். கைக்கடிகாரத்தையும் பையில் இருந்த கடலைமிட்டாயையும் அம்மாவின் கையில் வைத்தாள். கையிரண்டையும் உடம்பை விட்டு அகற்றி வைத்துக்கொண்டு மறுபடியும் ஏறி நின்றாள்.

எண் முதலில் வந்ததைவிடக் குறைந்தது.

"மொதல்ல வந்ததையே எழுதிக்கலாம் பாப்பா, ஒண்ணும் தப்பில்ல" என்றாள் நர்ஸ். "எப்படியும் போன தடவையைவிட எச்சாத்தான் இருக்குது."

"இல்லீங்கக்கா" என்றாள் லோகு, "ரெண்டாவதையே எழுதுங்க."